பிரெண்ட்ஃபோர்டில் நாலு கோல், தங்கச்சிமடத்தில் ஒன்பது நாள்: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை. இரவு 10 மணிக்கு இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டம் தொடங்கியது. 10.40-க்கு எங்கள் கொட்டகையில் பாதிப் பேர் இல்லை.

மேற்கு லண்டனில் 17,250 பேர் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு சின்ன மைதானத்தில், பிரெண்ட்ஃபோர்ட் அணியிடம் மான்செஸ்டர் யுனைடெட் 10, 18, 30, 35-ஆவது நிமிடங்களில் நாலு கோல் வாங்கியது. திருப்பி ஒன்றுகூட அடிக்கவில்லை. சீசனின் இரண்டாவது ஆட்டம்தான் அது, இன்னும் 36 பாக்கி. ஆனால் அன்று ராத்திரி ராமேஸ்வரம் தீவில் எங்கள் தங்கச்சிமடத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தால், சீசன் முடிந்து, கணக்குத் தீர்த்து, படகையும் விற்றாயிற்று என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

நான் இந்தக் கரையில் மூன்று விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். எதையும் தேதி போட்டுக் குறித்து வைப்பது தொழில் தந்த வியாதி. அந்த ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டம் நடந்த ஆகஸ்ட் 22 வரை எங்கள் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள், என்ன செய்தார்கள் என்று டீசல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கிறுக்கி வைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளும் அழியாமல் கிடந்தன. அவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை. போட்டால் நாளைக்கு நான் இந்தத் தெருவில் நடக்க வேண்டாமா?

கொட்டகையும் கூட்டமும்

கொட்டகை என்றால் வலை மராமத்துப் பார்க்கிற இடம். பகலில் கிழிந்த வலை மடியைக் கட்டிப்போட்டு நாலு பேர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டம் இருக்கும் ராத்திரிகளில் அதே இடத்தில் ஒரு டிவியை மாட்டி, ஒருத்தன் தன் போனிலிருந்து ஹாட்ஸ்டாரை அதில் போடுவான். இதில் ஒரு தொல்லை உண்டு. எதிர்வீட்டில் டிஷ் இருக்கிறது. அங்கே கோல் விழுந்து அரை நிமிடம் கழித்துத்தான் எங்களுக்கு விழும். எதிர்வீட்டுக்காரர் லிவர்பூல்.

எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசி யுனைடெட். இதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு விவரம் தெரிந்து கேபிள் டிவி பார்க்க ஆரம்பித்தபோது ஜெயித்துக்கொண்டிருந்த அணி அது. 1999-இல் அவர்கள் ஒரே சீசனில் மூன்று கோப்பை தூக்கியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள்தான் இன்றைக்குப் படகு ஓட்டுகிறார்கள், என்னை மாதிரி கணக்கு எழுதுகிறார்கள். அப்போதைய கோச் ஃபெர்குசன் 2013-இல் லீக் பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அதற்கப்புறம் இந்த அணிக்கு லீக் பட்டம் கிடையாது. இப்போது கொட்டகைக்கு வரும் சின்னப் பையன்கள் அந்தப் பட்டத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை, ஆனாலும் யுனைடெட்தான். ஓட்டுச் சின்னம் மாதிரி வீட்டோடு வந்தது.

மற்றபடி ஆர்சனலுக்கு ஒரே ஒருத்தர், என் அம்மா வழியில் மாமா. அப்புறம் கீழக்கரைக்காரர் ஒருத்தர் துபாயிலிருந்து போனில் கலந்துகொள்வார். எனக்குப் பல வருசப் பழக்கம். நான் அவரை அவர் ஊர் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன் என்பேன், அவருக்கு நான் தம்பி.

இந்த ஆய்வில் முக்கியமான ஆள் ஒருத்தர் ஆட்டத்தையே பார்க்கவில்லை. நான் கணக்கு எழுதும் படகு ஒன்றின் டிரைவர் அண்ணன். பாக் நீரிணையில் எங்கள் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள். மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. சனிக்கிழமை அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனால் ஞாயிறு காலைதான் திரும்புவார்கள். கொஞ்ச தூரம் போனாலே போனில் டவர் இருக்காது. சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் என்றால் அண்ணனுக்கு ஆட்டமே இல்லை.

அட்வான்ஸ்

முதலில் பழைய பாக்கியைச் சொல்லிவிடுகிறேன். 2021-22 சீசனில் யுனைடெட் 58 புள்ளிகளோடு ஆறாவது இடத்தில் முடித்தது. பிரீமியர் லீக் தொடங்கிய 1992-லிருந்து அதுவரை அவர்கள் எடுத்த ஆகக் குறைந்த புள்ளி அதுதான். அடித்த கோல் 57, வாங்கிய கோலும் 57. வரவும் செலவும் சரியாகப் போன படகு மாதிரி. ஒரு வருசம் கடலில் கிடந்து கையில் ஒன்றும் இல்லை. மே 22-ஆம் தேதி கடைசி ஆட்டத்திலும் தோற்றுத்தான் முடித்தார்கள்.

அப்புறம் அடுத்த சீசன் தொடங்கிய ஆகஸ்ட் 5 வரை 75 நாள். எங்கள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையைப் புதுசாக்குவார்கள். இரண்டு மாதம் மீனை விட்டு வைத்திருக்கிறோம், கடல் நிறைந்து கிடக்கும் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்து அட்வான்ஸ் வாங்குவார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவார்கள். ஜூன் மாதம் முதல் பாடு, அதாவது முதலில் பிடிபட்ட மீன், வரும்போது இறாலுக்குப் பதில் விலை போகாத காரலும் சங்காயமுமாக மடி நிறைந்திருந்தால் கரையில் ஒரு அமைதி விழும். மற்ற நாளில் அதே பாடு வந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

யுனைடெட் ரசிகர்கள் அந்த 75 நாளில் வாங்கிய அட்வான்ஸ் கொஞ்ச நஞ்சமில்லை. எரிக் டென் ஹாக் என்று புதுக் கோச். அயாக்ஸிலிருந்து வந்தவர். ஜூலை 12-ஆம் தேதி பாங்காக்கில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் லிவர்பூலை 4-0 என்று அடித்தார்கள். நம்ம ஊர் நேரத்துக்கு அது சாயங்காலம் ஆறரை. செவ்வாய்க்கிழமை, டிரைவர் அண்ணன் கரையில் இருந்தார். எதிர்வீட்டு வாசலில் நின்று அவர் நாலு விரலைக் காட்டி ஆடிய ஆட்டத்துக்கு வீடியோ இருக்கிறது. பயிற்சி ஆட்டத்தில் புள்ளி கிடையாது, லிவர்பூல் ஆளை மாற்றி மாற்றி இறக்கியது என்றெல்லாம் மாமா சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

ஆகஸ்ட் 7 ஞாயிற்றுக்கிழமை, சொந்த மைதானத்தில் பிரைட்டனிடம் 2-1 தோல்வி. ஓல்ட் டிராஃபோர்டில் பிரைட்டன் அதற்கு முன் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அன்றைக்குக் கொட்டகையில் முணுமுணுப்புதான். புதுக் கோச், முதல் ஆட்டம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். நான் இதை முக்கியமாகக் குறித்து வைத்தேன். முதல் தோல்வி மன்னிக்கப்பட்டது. பாங்காக்கில் வாங்கிய அட்வான்ஸில் அதைக் கழித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆறு நாள் கழித்து கழிக்க ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான் போன வருசத்துப் பாக்கியும் சேர்ந்து வாசலுக்கு வந்தது.

35 நிமிடம்

பத்தாவது நிமிடம். எங்கள் டிவியில் பந்து நடு மைதானத்தில் இருக்கிறது. எதிர்வீட்டில் கைதட்டல். யாருக்குக் கோல் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அந்த வீட்டில் கைதட்டினால் எங்களுக்கு நல்லதில்லை என்று தெரியும். அரை நிமிடம் எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், இனி நடக்கப்போவது என்னவென்று தெரிந்துகொண்டே. ரொனால்டோ பந்தை விட்டார். ஜோஷ் டாசில்வா தூரத்திலிருந்து தரையோடு ஒன்று அடித்தார். நேராக கோல்கீப்பர் கைக்குப் போன பந்து. டி ஹெயா படுத்தார், பந்து அவருக்கு அடியில் நழுவிப் போனது. கையில் பிடித்த விரால் நழுவுகிற மாதிரி.

18-ஆவது நிமிடம். டி ஹெயா பந்தைத் தூக்கி அடிக்காமல், கோலுக்கு முதுகைக் காட்டி நின்ற எரிக்சனுக்குத் தட்டிவிட்டார். பின்னாலிருந்து வந்த ஜென்சன் அதைப் பிடுங்கி உள்ளே போட்டார். கொட்டகையில் ஒரு பெரியவர் இருந்தார். கால்பந்து பார்க்கிறவர் இல்லை. வீட்டில் கொசு தாங்கவில்லை என்று காற்றுக்காக வந்தவர். அவர் கேட்டார்: "ஏன்டா, தூக்கித் தூர அடிச்சா என்ன?"

அதற்கு என் மச்சான் ஒருத்தன் விளக்கம் சொன்னான். இதுதான் புதுக் கோச் முறை, கோல்கீப்பரிடமிருந்தே பந்தைத் தட்டித் தட்டி முன்னேற வேண்டும், எதிராளியை இழுத்து விட்டு அவன் முதுகுப் பக்கம் கிடைக்கும் இடத்தில் நுழைய வேண்டும் என்று. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, இப்ப யாரு யார இழுத்து விட்டது?" என்றார்.

மூன்றாவது, கார்னர் கிக்கிலிருந்து பென் மீ தலையால். பக்கத்தில் நின்றவர் புதிதாக வாங்கிய தடுப்பாட்டக்காரர் லிசான்ட்ரோ மார்ட்டினெஸ், உயரம் 175 சென்டிமீட்டர். நான்காவது இன்னும் மோசம். அது யுனைடெட் எடுத்த கார்னரிலிருந்து வந்தது. பந்து வெளியேறி, ஐவன் டோனி நீளமாகக் கடத்திக் கொடுக்க, எம்பியூமோ ஓடிப் போய் முடித்தார். ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். தேதிப்படி அன்றைக்கும் ஆடி மாதம்தான்.

மூன்றாவது கோல் வரைக்கும் கோபம். டிவியை நோக்கி வலை ஊசி ஒன்று பறந்தது, நல்லவேளை படவில்லை. நான்காவதுக்கு யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்கள். இடைவேளையில் டென் ஹாக் மார்ட்டினெஸ் உட்பட மூன்று பேரை மாற்றினார். அதைப் பார்க்கக் கொட்டகையில் ஆறேழு பேர்தான் இருந்தோம்.

துபாயிலிருந்து காக்காவின் குரல் பதிவு: "தம்பி, எட்டரைக்கு ரூம்ல பிரியாணிய பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்தேன். இப்ப மணி ஒம்போது அஞ்சு. பிரியாணி அப்படியே இருக்கு."

ஞாயிறு

காலையில் படகுகள் திரும்பின. கயிற்றைக் கட்டுவதற்கு முன்பே கரையிலிருந்து ஒரு பையன் டிரைவர் அண்ணனைப் பார்த்து நாலு விரலைக் காட்டினான். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. பாங்காக் மாதிரி நாலு அடித்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். பதிலுக்கு அவரும் நாலு விரலைக் காட்டினார். அந்தப் பையன் பாவம், இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்கிறான். இறங்கி வந்து விசயம் தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தன நிமிசத்துல?" 35 என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஐஸ் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் போய்விட்டார்.

காலைப் பூசைக்குப் போன இடத்தில் லிவர்பூல்காரர் ஒன்றும் பேசவில்லை. சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் திரும்பி எங்கள் பக்கம் ஒவ்வொருத்தராகப் பார்த்துக் கும்பிட்டார். கோயிலுக்குள் யார் என்ன செய்ய முடியும்?

மத்தியானம் நடந்ததைச் சிரிப்போடு எழுத முடியவில்லை. என் மச்சான், தட்டித் தட்டி முன்னேறும் முறையை விளக்கியவன், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். குழம்பில் உப்பு கூடிப்போச்சாம். அக்கா எங்கள் வீட்டில் வந்து சொன்னது: "அங்க எவனோ தோத்ததுக்கு எங்க வீட்டுக் கொழம்பு என்ன பாவம் பண்ணுச்சு?" அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் இது எல்லா வீட்டிலும் குழம்போடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவில் டேவிட் கார்டும் கோர்டன் டாலும் 2011-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் ஊர் ஃபுட்பால் வேறு ஆட்டம், இருந்தாலும் ரசிகன் ஒன்றுதான். ஜெயிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த உள்ளூர் அணி தோற்ற நாள்களில், ஆண்கள் வீட்டுப் பெண்களை அடித்ததாகப் போலீசில் பதிவான சம்பவங்கள் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தன. யார் ஜெயிப்பார் என்று தெரியாத ஆட்டத்தில் தோற்றபோது அப்படிக் கூடவில்லை. ஆக, தோல்வி மட்டும் காரணம் இல்லை. முன்னாலேயே வாங்கிச் செலவழித்துவிட்ட நம்பிக்கைதான் வட்டியோடு திரும்பக் கேட்கிறது, அதைக் கட்டுவது வேறு யாரோ.

மச்சானிடம் இதைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த ஞாயிறு மீன் வாங்கி அவனே சமைத்தான். உப்பு பத்தவில்லை.

ஓம், ஆனுங்க

குரல் பதிவுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டபோது ஒன்று பிடிபட்டது. ஜூலையில் பாங்காக் ஆட்டத்துக்குப் பிறகு ஒரு பையன்: "நாலு அடிச்சோம்ல!" அதே பையன், அதே குரல், ஆகஸ்ட் 13 ராத்திரி: "நாலு வாங்கிட்டானுங்க." அடித்தது நாம், வாங்கியது அவனுங்க. தமிழில் இதற்குத் தனியாக ஒரு சொல்கூடத் தேவையில்லை, வினைச்சொல்லின் வாலிலேயே கட்சி மாறிவிடலாம்.

ராபர்ட் சியால்டினியும் கூட்டாளிகளும் 1976-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இதையே கண்டிருக்கிறார்கள். தங்கள் கல்லூரி அணி ஜெயித்தால் திங்கட்கிழமை கல்லூரிப் பெயர் போட்ட சட்டை கூடுதலாகத் தென்படும். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் ஜெயித்ததற்கு 'நாம்' வரும், தோற்றதற்கு அது குறைந்துவிடும். எங்கள் தெருவில் திங்கட்கிழமை சிவப்பு ஜெர்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. துவைக்கப் போட்டிருக்கிறோம் என்றார்கள். எல்லோரும் ஒரே நாளில்.

டிரைவர் அண்ணன் மட்டும் கடைசி வரை "வாங்கிட்டோம்" என்றே சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தோன்றுவது, படகில் அவருக்குப் பங்குக் கணக்குதான் பழக்கம். பாடு இல்லாத நாளில் டீசலும் ஐஸும் கழித்தால் எல்லோர் பங்கிலும்தான் குறையும். வலை மேல் பழி போட்டுவிட்டு ஒருத்தன் மட்டும் முழுப் பங்கு வாங்க முடியாது.

வைத்தியர்கள்

திங்கள் முதல் வெள்ளி வரை நடந்தது வழக்கமான ஆராய்ச்சி. பையன்கள் மார்ட்டினெஸைப் பிடித்துக்கொண்டார்கள். குட்டையான ஆளைத் தடுப்பாட்டத்தில் வைத்தால் இப்படித்தான் என்று. இங்கிலாந்து டிவியில் பேசும் முன்னாள் வீரர்களும் அதையேதான் சொன்னார்கள், அதனால் எங்கள் பையன்களுக்குத் தாங்களும் நிபுணர்கள் என்ற நினைப்பு வந்துவிட்டது. காக்காவுக்கு வீரர்கள் மேல் கோபமே இல்லை. 2005-இல் கிளப்பை வாங்கிய கிளேசர் குடும்பம் போனால்தான் விடியும் என்பது அவர் கட்சி. "தம்பி, ஓனரு சரியில்லாத கம்பெனில மேனேஜர மாத்தி என்ன பிரயோஜனம்? துபாய்ல இருக்கிற எனக்குத் தெரியாதா?" டி ஹெயாவுக்கு ஓரளவு இரக்கம் கிடைத்தது. ஆட்டம் முடிந்த கையோடு தன்னால்தான் தோற்றோம் என்று அவரே ஒத்துக்கொண்டார் அல்லவா, அதனால். பழியை ஏற்றுக்கொண்டவனை நம் ஆட்கள் ரொம்ப நேரம் அடிப்பதில்லை.

கோபத்தைத் தணித்தது ஒரு செய்திதான். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை ரத்து செய்து டென் ஹாக் எல்லோரையும் வரவழைத்து 13.8 கிலோமீட்டர் ஓடவிட்டாராம். அது எங்கிருந்து வந்த கணக்கு என்றால், ஆட்டத்தில் பிரெண்ட்ஃபோர்ட் வீரர்கள் மொத்தமாக 109.4 கிலோமீட்டர் ஓடியிருந்தார்கள், யுனைடெட் 95.6. வித்தியாசம் 13.8. இந்தச் செய்தி வந்த அன்று கொட்டகையில் ஒரு திருப்தி. மடியில் துளை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனால் துளை விட்டவன் முட்டி வலிக்க ஓடினான் என்பது போதுமாக இருந்தது. கணக்குப் பிள்ளையான எனக்கும் அந்தத் தசமப் புள்ளி பிடித்திருந்தது, ஒளிக்கவில்லை.

சரித்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. 1992-93-இல், முதல் பிரீமியர் லீக் சீசனில், யுனைடெட் முதல் இரண்டு ஆட்டமும் தோற்றது. ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம் 2-1, சொந்த மைதானத்தில் எவர்டனிடம் 3-0. அந்த வருசம்தான் 26 ஆண்டு கழித்து லீக் பட்டம் வந்தது, 84 புள்ளியோடு. உண்மைதான். ஆனால் இது வலிக்குத் தடவும் தைலம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. முதல் இரண்டு ஆட்டம் தோற்று, கடைசி வரை தோற்றுக்கொண்டே இருந்த அணிகளின் பட்டியலை யாரும் கொட்டகைக்குக் கொண்டுவருவதில்லை.

மாமாவிடம் இருந்தது அதைவிட நல்ல சரக்கு. 2021-இல், இங்கிலாந்துத் தேதிப்படி அதே ஆகஸ்ட் 13, அதே மைதானம், அதே பிரெண்ட்ஃபோர்ட். சீசனின் முதல் ஆட்டம். 74 வருசத்துக்குப் பிறகு முதல் பிரிவுக்கு வந்திருந்த அணியிடம் ஆர்சனல் 2-0 தோற்றது. அடுத்து செல்சியிடம் 2-0, மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0. மூன்று ஆட்டம், ஒன்பது கோல் வாங்கி, ஒன்றுகூட அடிக்காமல் பட்டியலில் கடைசி. அப்போது மாமாவைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருத்தன். அந்த அணி சீசனை 69 புள்ளியோடு ஐந்தாவது இடத்தில் முடித்தது. மாமா இப்போது திருப்பிக் கேலி செய்திருக்கலாம். "அந்த மைதானத்துல வாடகைக்கு ஒரு ரூம் எடுத்துருவோமா மாப்ள, வருசா வருசம் போக வேண்டியிருக்கே" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பதாம் நாள்

ஆகஸ்ட் 22 திங்கட்கிழமை, லிவர்பூலோடு ஆட்டம். இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. ஓல்ட் டிராஃபோர்டுக்கு வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் கிளேசர் குடும்பத்துக்கு எதிராக ஊர்வலம் போனார்கள், காக்கா அதை வீடியோ வீடியோவாக அனுப்பினார். டென் ஹாக் ரொனால்டோவையும் கேப்டன் மக்வாயரையும் வெளியே உட்கார வைத்தார். மார்ட்டினெஸை வெளியே வைக்கவில்லை. டி ஹெயா பந்தைத் தட்டித் தட்டி விளையாடுவதை விட்டுவிட்டுத் தூக்கித் தூர அடித்தார். கொசுவுக்குப் பயந்து வந்த பெரியவர் சொன்னதைத்தான் கோச்சும் கடைசியில் செய்தார், ஒன்பது நாள் கழித்து. 16-ஆவது நிமிடம் சாஞ்சோ, 53-ஆவது நிமிடம் ராஷ்ஃபோர்ட். 81-இல் சாலா ஒன்று திருப்பினார். 2-1.

இந்த முறை எதிர்வீட்டில் சத்தமே இல்லை. சத்தம் இல்லாத அரை நிமிடம் எவ்வளவு இன்பம் என்று அன்றுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலை தெரு முழுக்கச் சிவப்பு ஜெர்சி. துவைத்துக் காய்ந்துவிட்டது போல.

டிரைவர் அண்ணன்? திங்கட்கிழமை அல்லவா, கடலில் இருந்தார். மறுநாள் காலை கரையில் அதே பையன் இரண்டு விரலையும் அப்புறம் ஒரு விரலையும் காட்டினான். அண்ணன் இந்த முறை முகத்தைக் காட்டவில்லை. இறங்கி வந்து என்னிடம் மெதுவாக, "யாருக்கு ரெண்டு?" என்று உறுதி செய்துகொண்டு அப்புறம்தான் கத்தினார்.

கணக்குத் தீர்த்தபோது

மே மாதம் சீசன் முடிந்தபோது யுனைடெட் 75 புள்ளியோடு மூன்றாவது இடம். பிப்ரவரியில் லீக் கப்பும் வந்தது. மார்ச்சில் அதே லிவர்பூலிடம் 7-0 வாங்கியதும் அதே சீசனில்தான், எதிர்வீட்டுக்காரர் நினைவூட்டாமல் விடமாட்டார் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். குட்டை என்று பையன்கள் எழுதித் தள்ளிய மார்ட்டினெஸ் அந்த டிசம்பரில் அர்ஜென்டினாவோடு உலகக் கோப்பை வாங்கினார். அர்ஜென்டினா கொடியோடு பைக்கில் சுற்றியது அதே பையன்கள்.

ஆனால் கொட்டகைத் தீர்ப்பு எல்லாமே தப்பு என்றும் சொல்ல முடியாது. ரொனால்டோவை வைத்துக்கொண்டு புதுக் கோச்சின் முறைப்படி ஆட முடியாது என்று சிலர் சொன்னார்கள், நவம்பரில் அவர் போய்விட்டார். டி ஹெயா காலால் ஆடும் கோல்கீப்பர் இல்லை என்றார்கள், 2023 கோடையில் அவரும் போனார். இரண்டாவது ஆட்டத்தில் கோபத்தில் சொன்னது, ஆனால் நோய் கிட்டத்தட்ட சரி. எவ்வளவு நாள் தாங்கும் என்கிற கணிப்பில்தான் எல்லோரும் கோட்டை விட்டார்கள். இந்த வருசம் கீழ்ப் பிரிவுக்கே இறங்கிவிடும் என்று நூறு ரூபாய் பந்தயம் கட்டியவன் ஒருத்தன் இருக்கிறான். அந்தப் பணம் இன்னும் என் நோட்டில் பாக்கியாகவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. செப்டம்பர் 4, ஞாயிறு, இரவு 9 மணி. டிரைவர் அண்ணன் கரையில். ஐந்து ஆட்டமும் ஜெயித்து முதலிடத்தில் இருந்த ஆர்சனல், ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட்டிடம் 3-1 என்று தோற்றது. ஆரம்ப சீசன் தோல்வி இப்போது மாமா பக்கம். கொட்டகையே அவர் முகத்தைப் பார்த்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னும் 32 கெடக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நன்றாகத் தூங்கினார் என்று அத்தை சொன்னார்.

அவருக்குக் கோபம் வந்தது ஏப்ரலில். மாதக் கணக்கில் முதலிடத்தில் இருந்துவிட்டு, லிவர்பூல், வெஸ்ட்ஹாம், சவுத்தாம்டன் என்று வரிசையாக மூன்று ஆட்டம் சமன். அப்புறம் ஏப்ரல் 26 புதன்கிழமை நள்ளிரவு சிட்டியிடம் 4-1. புதன்கிழமைதான், ஆனால் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் டிரைவர் அண்ணன் உட்பட எல்லோரும் கொட்டகையில் இருந்தோம். மாமா மட்டும் வரவில்லை. அன்றைக்குக் கூட்டம் அதிகம், நிறையப் பேர் நின்றுகொண்டே பார்த்தார்கள். அவர் நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை.